தனிப் பியானோவில் கிறிஸ்துமஸ் இசை: பாடல் தேர்விலிருந்து வெளியீடு வரை

கிறிஸ்துமஸ் கேரல்களைப் பியானோவில் மட்டும் வாசித்து, கேட்பவரை இளைப்பாற வைக்கும் ஒரு சிறு தொகுப்பை வெளியிட நினைப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "எந்த மைக் வாங்கலாம்?" என்பதுதான். இந்த வழிகாட்டியில் மைக் ஆறாவது படியில்தான் வருகிறது. ஒரு பதிவு அமைதியாக ஒலிக்குமா என்பது பாடலை எப்படிப் பிரித்து எழுதினீர்கள், பெடலை எப்படி மிதித்தீர்கள், எந்த அறையில் வாசித்தீர்கள் என்பவற்றிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அங்கே கோட்டைவிட்டதை எந்த மென்பொருளும் பின்னால் மீட்டுத் தராது.

ஐந்தாம் கிரேடு அளவுக்கு வாசிக்கத் தெரிந்தவராக, அல்லது ஆலயத்தில் பாமாலைப் பாடல்களுக்குத் தடங்கலின்றி வாசிப்பவராக இருந்தால் போதும். தொடங்கும்போது கையில் இருக்க வேண்டியவை: ஒரு பியானோ அல்லது 88 கட்டைகள் உள்ள டிஜிட்டல் பியானோ, காதை முழுவதும் மூடும் ஹெட்போன், கணினி, வேகத்தைத் தட்டிக் காட்டும் ஒரு மெட்ரோனோம். மற்றவை வேலை வளர வளர வரட்டும்.

1. வெளியீட்டு நாளிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்

கிறிஸ்துமஸ் இசையை மக்கள் தேடத் தொடங்குவது நவம்பரில். ஸ்பாட்டிஃபை போன்ற இசைத் தளங்களின் பிளேலிஸ்ட்டுகள் அதற்கும் முன்பே தயாராகிவிடும். ஆகவே நவம்பர் முதல் வாரத்தில் வெளியீடு என்று குறித்துக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். அக்டோபர் தொடக்கத்தில் கோப்புகளைப் பதிவேற்ற வேண்டும், செப்டம்பரில் எடிட்டிங், ஆகஸ்ட் பிற்பகுதியில் பதிவு, ஜூன், ஜூலையில் பாடல் தேர்வும் இசையமைப்பும்.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் இதோடு இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆடி மாதம் முழுக்கத் தெருவில் ஒலிபெருக்கி இருக்கும். அது ஆகஸ்ட் நடுவில்தான் ஓயும். அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் மழைச் சத்தமும் ஈரப்பதமும் சேர்ந்து வரும். இரண்டுக்கும் இடைப்பட்ட வாரங்கள்தான் உங்களுக்குக் கிடைக்கும் நல்ல காலம். பலர் டிசம்பர் பிறந்ததும் உற்சாகத்தோடு பதிவைத் தொடங்குகிறார்கள். அந்தப் பதிவு பொங்கலுக்குத்தான் வெளியாகிறது.

2. உரிமைச் சிக்கல் இல்லாத பாடல்களைத் தேர்ந்தெடுங்கள்

முதல் தொகுப்புக்கு ஆறு பாடல்கள் போதும். பாதியில் நிற்கும் பன்னிரண்டைவிட முழுமையாக முடிந்த ஆறு மேல்.

ஒரு பாடலில் வரிகளுக்கு ஓர் உரிமை, மெட்டுக்கு ஓர் உரிமை, அதைப் பிரித்து எழுதிய இசைக்கோவைக்கு ஓர் உரிமை என மூன்று தனித்தனியாக உண்டு. பியானோவில் மட்டும் வாசிப்பதால் வரிகளைப் பற்றிக் கவலையில்லை. மெட்டைப் பொறுத்தவரை, இந்தியச் சட்டப்படி இசையமைப்பாளர் இறந்து 60 ஆண்டுகள் கழிந்தால் அது பொதுச்சொத்து. ஐரோப்பிய நாடுகளில் 70 ஆண்டுகள். அமெரிக்காவில் பழைய படைப்புகளுக்கு, வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள். நீங்கள் உலகம் முழுவதும் வெளியிடப்போவதால் மூன்றையும் தாண்டிய பாடலே பாதுகாப்பானது.

சைலண்ட் நைட், அதாவது நம் ஆலயங்களில் "ஒப்பில்லா திரு இரா" என்று பாடும் பாடல், 1818-இல் பிரான்ஸ் சேவர் குரூபர் அமைத்த மெட்டு. "பக்தரே வாரும்" பதினெட்டாம் நூற்றாண்டினது. ஓ ஹோலி நைட் 1847-இல் அடால்ஃப் ஆடம் இசையமைத்தது. இன் த பிளீக் மிட்விண்டருக்கு 1906-இல் வெளியான குஸ்தவ் ஹோல்ஸ்ட் மெட்டும் உரிமைக்காலம் தாண்டியது. இவற்றையெல்லாம் தாராளமாக வாசிக்கலாம்.

கால்வழுக்கும் இடங்களும் உண்டு. பழங்காலத்துப் பாடல்போல ஒலிக்கும் லிட்டில் டிரம்மர் பாய் 1941-ஆம் ஆண்டுப் படைப்பு. வைட் கிறிஸ்துமஸை எழுதிய இர்விங் பெர்லின் 1989 வரை வாழ்ந்தவர். இரண்டுக்கும் உரிமம் வேண்டும். கேரல் ஆஃப் த பெல்ஸ் இன்னும் நுட்பமானது. அதன் மெட்டு உக்ரைனின் மிகோலா லியோன்டோவிச்சுடையது. அவர் 1921-இல் இறந்துவிட்டார். ஆனால் இன்று பலரும் அறிந்த சேர்ந்திசை வடிவமும் ஆங்கில வரிகளும் 1936-இல் பீட்டர் வில்ஹவ்ஸ்கி செய்தவை. மூல மெட்டிலிருந்து நீங்களே எழுதினால் சிக்கலில்லை. கடையில் வாங்கிய நோட்ஸ் புத்தகத்தை அப்படியே வாசித்தால் சிக்கல் உண்டு. இந்த எச்சரிக்கை எல்லாப் பாடல்களுக்கும் பொருந்தும். அண்மையில் அச்சான ஒரு கேரல் புத்தகத்தில் மெட்டு பழையதாக இருந்தாலும் அதன் இசைக்கோவை புதியதாக இருக்கலாம்.

3. நான்கு குரல் வடிவத்தைக் கலையுங்கள்

முழு வேலையின் இதயம் இதுதான். இங்கே செலவழிக்கும் நேரத்தை எண்ணாதீர்கள்.

பாமாலை நோட்ஸ் புத்தகம் சபை சேர்ந்து பாடுவதற்காக எழுதப்பட்டது. சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என நான்கு குரல்களும் ஒரே நேரத்தில் நகரும். பெரும்பாலும் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கார்ட், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு, மாறும். நூறு பேரை ஒன்றாக நடத்திச்செல்ல அந்த இறுக்கம் தேவை. அதையே மெதுவாக வாசித்தால் அமைதி வராது, ஆராதனை தாமதமாகப் போவதுபோல் இருக்கும். புதியவர்களில் பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான்: வேகத்தைக் குறைத்தால் இளைப்பாறும் இசை ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். குறைக்க வேண்டியது கார்ட் மாற்றங்களின் எண்ணிக்கையை.

"பக்தரே வாரும்" பாடலை ஜி மேஜரில் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அடிக்குப் புத்தகத்தில் தட்டுக்குத் தட்டு கார்ட் நகரும். நீங்கள் முதல் பார் (நோட்ஸில் இரு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதி) முழுவதும் ஜி, இரண்டாவது பார் முழுவதும் டி என்று மட்டும் வைத்துப் பாருங்கள். மெட்டு ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை. ஆனால் அதைச் சுற்றி இடம் பிறந்துவிடும். பாருக்கு ஒரு கார்ட் என்பதைத் தொடக்க விதியாக வைத்துக்கொண்டு, மெட்டு உண்மையிலேயே முரண்டுபிடிக்கும் இடங்களில் மட்டும் இரண்டாவதைச் சேருங்கள்.

அடுத்தது இடது கை. நடு சி-க்கு ஒரு ஸ்தாயி கீழே உள்ள சி-யைத் தாண்டி இறங்கிய பிறகு, நெருக்கமான ஸ்வரங்களைச் சேர்த்து அடிக்காதீர்கள். தடித்த கம்பிகளின் மேல்சுரங்கள் ஒன்றோடொன்று மோதிக் கலங்கலாகக் கேட்கும். ஜி கார்டை ஜி, பி, டி என்று அடுக்காமல், கீழே ஜி, அதற்கு மேல் டி, பிறகு அடுத்த ஸ்தாயியில் பி என்று விரித்து ஒவ்வொன்றாக வாசியுங்கள். கை எட்டாவிட்டால் பரவாயில்லை, பெடல் பிடித்துக்கொள்ளும். சைலண்ட் நைட் 1818 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் ஓபர்ன்டோர்ஃப் ஆலயத்தில் முதன்முதலில் கிட்டார் துணையோடுதான் பாடப்பட்டது. இப்படி விரித்து உதிர்க்கும் இடது கை அந்தப் பாடலுக்கு இயல்பாகவே பொருந்துகிறது.

மூன்று சரணங்களையும் ஒரே மாதிரி வாசித்தால் கேட்பவர் நடுவில் கவனம் இழப்பார். ஒவ்வொன்றிலும் புதுப்புது அலங்காரம் சேர்த்தால் இளைப்பாற மாட்டார். இடைப்பட்ட வழி, மெட்டை இடம் மாற்றுவது. முதல் சரணம் நடு ஸ்தாயியில், இரண்டாவது ஒரு ஸ்தாயி கீழே டெனர் குரலில், மூன்றாவது மேலே, மிக மெல்லிய துணையோடு. டிரில்களையும் ஓட்டங்களையும் விட்டுவிடுங்கள்.

ஜாய் டு த வேர்ல்ட் போன்ற கம்பீரமான பாடலைச் சேர்க்கத் தயங்குகிறார்கள். தயங்கத் தேவையில்லை. அதன் முதல் எட்டு ஸ்வரங்கள் சங்கராபரணத்தின் அவரோகணம் அப்படியே: மேல் ஸட்ஜத்திலிருந்து கீழ் ஸட்ஜம் வரை படிப்படியாக இறங்குகிறது. துள்ளலான தாளத்தை எடுத்துவிட்டு, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரே அளவு நேரம் கொடுத்து, கீழே ஒரே பேஸ் ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் பாருங்கள். தொகுப்பிலேயே மிக அமைதியான பாடலாக அது மாறிவிடக்கூடும்.

முன்னிசையை 15 விநாடிக்குள் முடியுங்கள். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் 30 விநாடி கேட்டால்தான் ஒரு கேட்பாகக் கணக்கில் வரும். அதற்குள் கேட்பவருக்குப் பாடல் இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும்.

4. வேகத்தையும் பெடலையும் முடிவு செய்யுங்கள்

இரண்டையும் பதிவு நாளில் முடிவு செய்யக்கூடாது. ஒவ்வொரு பாடலுக்கும் மெட்ரோனோம் எண்ணைத் தாளின் மேல் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். சைலண்ட் நைட்டை எட்டில் ஆறு தாளத்தில், பாருக்கு ஆறு சிறு தட்டு, நிமிடத்துக்கு 80 சிறு தட்டு என்று எடுத்தால் 12 பார் கொண்ட ஒரு சரணம் 54 விநாடி வரும். மூன்று சரணமும் முன்னிசையும் சேர்ந்து ஏறக்குறைய மூன்று நிமிடம். இதற்கு மேல் இழுத்தால் மெட்டின் வாக்கியங்கள் அறுந்துவிடுகின்றன. ஒரு சரணத்தை வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். மூச்சுப் போதவில்லை என்றால் வேகம் தவறு.

பெடலைத் தட்டுக்குத் தட்டு மாற்றாமல் கார்டுக்குக் கார்ட் மாற்றுங்கள். புதிய பேஸ் ஸ்வரம் ஒலித்த பிறகே பழையதை விடுவிக்க வேண்டும்; முன்பே விட்டால் நடுவில் ஓட்டை விழும். படிப்படியாக இறங்கும் மெட்டுகளில் பெடலைப் பாதியளவுக்கு மட்டும் மிதிப்பது கலங்கலைத் தவிர்க்கும்.

பாதம் பெடலை விட்டு எழவே கூடாது. குதிகால் தரையில், முன்பாதம் பெடலின் மேல் ஒட்டியபடி இருக்க வேண்டும். காலைத் தூக்கி வைத்தால் வரும் "தொப்" என்ற ஓசை கூடத்தில் யாருக்கும் கேட்காது, மைக்கில் ஒவ்வொரு பாருக்கும் கேட்கும்.

5. பியானோவையும் அறையையும் தயார் செய்யுங்கள்

நடு, மேல் ஸ்தாயிகளில் பியானோவின் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் மூன்று கம்பிகள். அவை மூன்றும் துல்லியமாக இணையாவிட்டால் ஒலி அலையலையாக நெளியும். வேகமான இசையில் அது மறைந்துவிடும்; நீங்கள் வாசிக்கப்போவது ஒவ்வொரு ஸ்வரமும் நான்கைந்து விநாடி நின்று ஒலிக்கும் இசை. எனவே ட்யூனிங் பதிவு நாள் காலையிலேயே நடக்க வேண்டும். பல ஆண்டுகள் ட்யூன் செய்யாத பியானோவுக்கு இரண்டு முறை ஆள் வர வேண்டியிருக்கும்: முதல் முறை ஏ 440 ஹெர்ட்ஸுக்கு ஏற்றிவிட்டு, கம்பிகளின் இழுவிசை நிலைப்பட்ட பின் சில வாரம் கழித்து நுணுக்கமாகச் சரிசெய்ய வேண்டும். வந்தவரிடம் பெடல் கிரீச்சிடுவதையும், தளர்ந்த கட்டைகளையும் காட்டுங்கள். அவர் கையில் சில நிமிட வேலை, உங்கள் எடிட்டிங்கில் மணிக்கணக்கில் மிச்சம்.

ட்யூனிங்குக்குப் பின் அறையின் ஈரப்பதம் மாறக்கூடாது. ஈரம் ஏறினால் ஒலிப்பலகை உப்பிச் சுருதி கூடும், காய்ந்தால் இறங்கும். ட்யூன் செய்யும்போது ஏசி ஓடியிருந்தால், பதிவுக்கு முன்பும் அதே குளிர்ச்சியில் வைத்திருந்து, டேக் (ஒரு முறை வாசித்துப் பதிவு செய்வது) எடுக்கும்போது மட்டும் நிறுத்துங்கள்.

பிறகு அறையின் ஓசைகள். மின்விசிறி, ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், பழைய டியூப்லைட்டின் சோக் என ஒவ்வொன்றையும் அணைத்துவிட்டு ஹெட்போனில் ஒரு நிமிடம் கேளுங்கள். காது பழகிப்போய் வடிகட்டிவிட்ட ரீங்காரங்களை மைக் காட்டிக்கொடுக்கும். சுவரோடு ஒட்டி நிற்கும் அப்ரைட் பியானோவை ஓரடியாவது முன்னே இழுத்துச் சற்றுச் சாய்வாக நிறுத்துங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் கனத்த ஒலி குறையும். புத்தக அலமாரியும் தடித்த திரைச்சீலையும் உதவும். வீட்டு அறை மிகச் சிறியது என்றால் உங்கள் சபை ஆயரிடம் கேட்டு, ஆலயத்துப் பியானோவில் இரவில் பதிவு செய்யலாம். உயர்ந்த கூரை தரும் இயற்கையான முழக்கத்தை எந்தச் செயற்கை எதிரொலியும் முழுமையாகத் தராது.

அப்ரைட்டின் நடுப் பெடல் பயிற்சிப் பெடலாக இருந்தால், அது சுத்தியலுக்கும் கம்பிக்கும் இடையே ஒரு ஃபெல்ட் துணியை இறக்கும். இன்று பலருக்கும் பிடித்த அந்த மிருதுவான ஒலி இதிலிருந்து வருவதுதான். எல்லாப் பாடலுக்கும் பயன்படுத்தினால் சலித்துவிடும். இரண்டு பாடலுக்கு அழகு.

6. மைக் வைக்கும் இடம்

ஒரே வகைக் கண்டென்சர் மைக் இரண்டு, அவற்றுக்கு 48 வோல்ட் மின்சாரம் தந்து ஒலியைக் கணினிக்குக் கொண்டுசெல்லும் இரண்டு உள்ளீட்டு ஆடியோ இன்டர்ஃபேஸ், இரண்டு உறுதியான ஸ்டாண்டு. மெல்ல வாசிக்கும்போது ஒலியளவை ஏற்ற வேண்டியிருப்பதால், மைக்கின் சொந்த இரைச்சல் 12 டெசிபலுக்கு மேல் போகாதது நல்லது. விலையைவிட இந்த எண்ணை முதலில் பாருங்கள்.

அப்ரைட்டில் மேல்மூடியைத் திறந்து, முன்பலகையைக் கழற்றிவிட்டு, வாசிப்பவரின் இரு தோள்களுக்கும் சற்று மேலே சுத்தியல்களைப் பார்த்தபடி வைக்கலாம். கிராண்ட் பியானோவில் மூடியை முழுதாகத் தூக்கி, வளைவுப் பக்கத்தில் ஒரு மீட்டர் தள்ளித் தொடங்குங்கள். இரண்டு மைக்கையும் 17 சென்டிமீட்டர் இடைவெளியில், 110 பாகை விரித்து வைக்கும் முறை தொடக்கத்துக்கு நம்பகமானது. ஐந்து செ.மீ. நகர்த்தினாலே ஒலி மாறும் என்பதால் நகர்த்தி, பதிவு செய்து, கேட்டு, மறுபடி நகர்த்துங்கள்.

முடிவு செய்யும் முன் பதிவை மோனோவில், அதாவது இரண்டு மைக்கின் ஒலியையும் ஒன்றாகக் கலந்து, கேளுங்கள். இரண்டு மைக்கின் அலைகளும் எதிரெதிராக இருந்தால் பேஸ் மெலிந்து காணாமல் போகும். ஒற்றை ஸ்பீக்கர் உள்ள போனில் கேட்பவர்கள் ஏராளம்.

7. டிஜிட்டல் பியானோ மட்டும் இருந்தால்

அறை, மைக் பற்றிய கவலைகள் உங்களுக்கு இல்லை. யுஎஸ்பி வழியாகக் கணினியில் மிடியாக, அதாவது ஒலியாக அல்லாமல் எந்தக் கட்டையை எப்போது, எவ்வளவு அழுத்தினீர்கள் என்ற குறிப்பாக, பதிவு செய்து, பிறகு பியானோடெக் போன்ற மென்பொருள் பியானோவால் ஒலிக்கவிடுங்கள். கருவியின் சொந்த ஒலியைப் பதிவு செய்தால் பின்னால் மாற்ற வழியில்லை; மிடியில் ஒரு ஸ்வரத்தை மட்டும்கூடத் திருத்தலாம்.

ஆனால் அந்த வசதியே இரண்டு தவறுகளுக்கு இடம் கொடுக்கிறது. எல்லா ஸ்வரங்களையும் தாளக்கட்டத்தில் இழுத்து ஒட்டவைப்பது ஒன்று. வாசிப்பில் இருந்த மூச்சு முழுவதும் போய்விடும். தொடு உணர்வு வளைவை (விரலின் அழுத்தத்துக்கு ஒலி எவ்வளவு கூட வேண்டும் என்ற அமைப்பை) சரிசெய்யாமல் விடுவது மற்றொன்று. மிக மெல்ல அழுத்தும்போதும் ஒலி உரக்க வந்தால், நீங்கள் அறியாமலே விரல் இறுகும். முதலில் வளைவை உங்கள் கைக்கு ஏற்ப அமைத்துவிட்டு, அந்த மென்பொருளோடு சில நாள் பயிற்சி செய்த பின் பதிவு செய்யுங்கள்.

8. பதிவு நாள்

பதிவுத் தரத்தை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என வைத்து, தொகுப்பிலேயே மிக உரத்த இடத்தை வாசித்து, உச்சம் மைனஸ் 12 டெசிபல் அருகே நிற்கும்படி அளவை அமையுங்கள். 24 பிட்டில் இரைச்சல் தளம் மிகக் கீழே இருப்பதால் உச்சத்தைத் தொட முயலத் தேவையில்லை.

கைக்கடிகாரத்தையும் காலணியையும் கழற்றுங்கள், நகத்தை வெட்டுங்கள். நோட்ஸ் தாளைப் புரட்டாமல் விரித்து வையுங்கள். இருக்கை கிரீச்சிட்டால் வேறு நாற்காலி.

ஒவ்வொரு டேக்குக்கும் முன் மெட்ரோனோமை ஓடவிட்டு வேகத்தை மனத்தில் வாங்கிக்கொண்டு நிறுத்திவிட்டு வாசியுங்கள். வேகம் மாறிய இரண்டு டேக்குகளை ஒட்டவே முடியாது. தாளத்தோடு பூட்டி வாசித்தால் வாக்கியங்கள் மூச்சுவிடாது. பாடலை மூன்று முறை முழுதாக எடுத்த பிறகே பிழையான இடங்களைத் தனியாக எடுங்கள். அப்போதும் பிழைக்கு இரண்டு பார் முன்னாலிருந்து தொடங்க வேண்டும். முந்தைய ஸ்வரங்களின் ரீங்காரம் பெடலில் தங்கியிருந்தால்தான் ஒட்டு தெரியாது.

கடைசி ஸ்வரம் முழுதாக அடங்கும்வரை அசையாதீர்கள். மனத்துக்குள் பத்து வரை எண்ணிவிட்டுப் பெடலை மெல்ல விடுங்கள். நன்றாக வாசித்து முடித்த நிம்மதியில் பெருமூச்சு விட்டு டேக்கைக் கெடுத்தவர்களைப் பல முறை பார்த்திருக்கிறேன். இறுதியில் யாரும் வாசிக்காத அறையின் மௌனத்தையும் 30 விநாடி பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் இடைவெளிகளை நிரப்ப அது வேண்டும்.

9. எடிட்டிங்

ஒரு நல்ல டேக்கை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, பிழைகளை மட்டும் மற்ற டேக்குகளிலிருந்து மாற்றுங்கள். வெட்டு, பெடல் மாறும் இடத்தில், புதிய ஸ்வரம் விழுவதற்குச் சற்று முன் இருக்கட்டும். அந்த ஸ்வரத்தின் தாக்கம் ஒட்டை மறைத்துவிடும். ஒன்று மங்க மற்றது எழும் குறுக்கு மங்கல் 10 முதல் 30 மில்லிவிநாடி போதும்.

எல்லாவற்றையும் துடைத்துவிடாதீர்கள். இரைச்சல் நீக்கியைக் கடுமையாகப் பயன்படுத்தினால் ஸ்வரத்தின் வால்பகுதி நீருக்குள் கேட்பதுபோல் ஆகிவிடும். கட்டைகள் எழும் மெல்லிய சரசரப்பு பியானோவின் குரலைச் சேர்ந்தது.

10. இறுதி ஒலியளவு

எதிரொலி சேர்ப்பதானால் ஆறு பாடலுக்கும் ஒரே அமைப்பு, சுமார் இரண்டு விநாடி நீளம். பாட்டுக்குப் பாட்டு அறை மாறினால் கேட்பவர் தொகுப்பிலிருந்து வெளியே வந்துவிடுவார்.

ஸ்பாட்டிஃபை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பின் அலகு) அளவுக்கும், ஆப்பிள் மியூசிக் மைனஸ் 16-க்கும் ஒலியைச் சமன்படுத்துகின்றன. அந்த எண்ணை எட்டுவதற்காக, உச்சங்களை அமுக்கும் லிமிட்டரைப் போட்டு நசுக்குவது தேவையற்றது. தனிப் பியானோ மைனஸ் 18 அருகே இருந்தாலும் நன்றாகவே இருக்கும். உச்சம் மட்டும் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டக்கூடாது. ஒவ்வொரு பாடலையும் தனித்தனியாக ஒரே அளவுக்கு ஏற்றவும் வேண்டாம். மெல்லிய பாடல் மெல்லியதாகவே இருக்க வேண்டும்.

11. பதிவேற்றமும் வெளியீடும்

டிஸ்ட்ரோகிட், டியூன்கோர், சிடி பேபி போன்ற விநியோக நிறுவனங்கள் வழியாகப் பாடல்கள் தளங்களுக்குச் செல்கின்றன. அட்டைப்படம் 3000 பிக்செல் சதுரம். இசையமைப்பாளர் பெயரில் குரூபர், ஆடம் என்று உரியவரைக் குறிப்பிட்டு, இசைக்கோவை என்ற இடத்தில் உங்கள் பெயரைப் போடுங்கள். பழைய மெட்டுக்கு உங்களையே இசையமைப்பாளராகக் காட்டினால் விநியோகஸ்தர் திருப்பி அனுப்பக்கூடும், அது நேர்மையும் ஆகாது.

ஸ்பாட்டிஃபையின் ஆசிரியர் குழுவுக்கு ஒரு பாடலை முன்வைக்க, வெளியீட்டுக்கு ஏழு நாளாவது முன்பே அது அவர்களிடம் இருக்க வேண்டும். மூன்று, நான்கு வாரம் இருந்தால் நல்லது. தொகுப்பிலிருந்து ஒரே ஒரு பாடலைத்தான் முன்வைக்க முடியும் என்பதால், பலரும் அறிந்த பாடலைத் தேர்ந்தெடுங்கள்.

ஒலியை ஒப்பிட்டுத் தானாகவே உரிமைகோரும் யூடியூப் கண்டென்ட் ஐடி வசதியைத் தேர்வு செய்யாதீர்கள். அதே மெட்டை உலகெங்கும் எண்ணற்றோர் பியானோவில் வாசிக்கிறார்கள். உங்கள் பெயரில் தானியங்கி உரிமைகோரல் அவர்கள் மேல் பாயும், அவர்களுடையது உங்கள் மேல் பாயும். உங்கள் காணொளிக்கு அப்படி ஒன்று வந்தால், மெட்டு பொதுச்சொத்து, வாசிப்பு உங்களுடையது என்று குறிப்பிட்டு மறுப்புத் தெரிவிக்கலாம். பதிவின் மூலக் கோப்புகளை இரண்டு இடத்தில் பத்திரமாக வைத்திருங்கள். மறுப்புக்குச் சான்றாக அவையே நிற்கும்.

ஸ்பாட்டிஃபையில் 12 மாதத்தில் 1000 கேட்புகளைத் தாண்டாத பாடலுக்கு உரிமத்தொகை கிடைக்காது. இதைச் சொல்லியே கேட்புகளை விலைக்குத் தருவதாகச் சிலர் அணுகுவார்கள். வாங்கினால் பாடலே நீக்கப்படலாம். அந்தப் பணத்தை அடுத்த ஆண்டு ட்யூனிங்குக்கு எடுத்துவையுங்கள். கிறிஸ்துமஸ் தொகுப்பு ஒவ்வொரு நவம்பரிலும் மீண்டும் கேட்கப்படுவதால், முதல் ஆண்டின் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அடுத்த அக்டோபரில் அதே தொகுப்போடு இரண்டு புதிய பாடல்களைத் தனியாக வெளியிடத் திட்டமிடுங்கள்.